சுண்ணாம்பில் மண்ணெண்ணெய்

அந்த அம்மையாருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. வரி அலுவலகத்தைத் தவிர வேறெவரும் அதனைப் பயன்படுத்துவதில்லை. ஊரும் உறவும் காவல் நிலையமும் அவரை ஒட்டடையம்மாள் என்றே அழைத்தன. எந்த வீட்டினுள் நுழைந்தாலும் முதலில் மனிதர் முகத்தைப் பாராமல் கூரை மூலையைப் பார்ப்பது அவர் வழக்கம். "தரையை எல்லாரும் பெருக்கிடுவாங்க. மூலையைத்தான் மறந்துடுவாங்க" என்பார். நெடிய மெலிந்த உடலும், பறந்து நிற்கும் நரைமுடியும் அப்பெயருக்கு மேலும் பொருத்தம் சேர்த்தன. அச்சகம் ஒன்றின் மாடியிலிருந்த தம் துப்பறியும் நிலையத்தின் பெயர்ப்பலகையிலும் அதையே எழுதி வைத்துக்கொண்டார்.

அவர் கடைவாயில் எப்பொழுதும் ஒரு கிராம்பு ஒதுங்கியிருக்கும். சாதாரணமாக அது வலப்பக்கம் இருக்கும். எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறார் என்று தோன்றினால் ஓசையின்றி இடப்பக்கம் நகரும். இந்த இரகசியத்தை அறிந்தவன் அவருடைய உதவியாளன் ஒருவனே. அவன் முன்னாள் பேருந்து நடத்துநர். டிக்கெட் எடுக்க மறுத்த தன் மேலதிகாரியை நடுவழியில் இறக்கிவிட்டு, அத்துடன் தானும் வேலையிலிருந்து இறங்கியவன். தொப்பையும் குரலும் பெரியவை. அவனை அவர் இன்றும் கண்டக்டர் என்றே அழைப்பார்.

அன்று காலை இருவரும் ஒரு சிறுகடன் நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் அமர்ந்திருந்தனர். ஒட்டடையம்மாள் வழக்கம்போல் மேலே பார்த்தார். மூலைகள் நான்கும் துடைத்து வைத்ததுபோல் இருந்தன.

"ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க."

"சுத்தம்தாம்மா எனக்கு முக்கியம்" என்றார் கிளை மேலாளர். சலவை மடிப்புக் குலையாத சட்டை. மேசையின் ஓரத்தில் தலைக்கவசம். பேசும்போது பேனாவை மேசை விளிம்புக்கு நேராக அடுக்கி வைக்கும் விரல்கள். அவருக்குப் பின்னாலிருந்த சுவர் முழுவதும் பெண்களின் படங்கள். கடன் பெற்ற ஒவ்வொருத்தியும் அதைக்கொண்டு தான் தொடங்கிய தொழிலின் அருகில் நின்று படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. ஒருத்தி கோழிக்குஞ்சுக் கூண்டோடு நின்றாள். ஒருத்தி தையல் இயந்திரத்தின் மேல் கையூன்றியிருந்தாள். ஒருத்தி மெழுகுவர்த்திகளைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். இன்னொருத்தி அடுக்கிய சோப்புக் கட்டிகளுக்கு நடுவே கண்ணை மூடியபடி சிரித்தாள்.

"நாங்க ஆம்பிளைங்களுக்குக் கடன் குடுக்கறதில்ல. வீட்ல இருக்கற பொம்பளைங்க கையில ஒரு தொழில் இருக்கணும், அதுதான் நோக்கம். குழுவாச் சேர்த்துத்தான் குடுப்போம், ஒருத்தி கட்டலைன்னா மொத்தக் குழுவும் பொறுப்பு. இந்த ஊர்ல நல்லா போய்க்கிட்டிருந்த குழும்மா அது. நடுவுல ஒரு ரொட்டிக்காரி தவணை கட்டாம இழுத்தடிச்சா. குழுவே போய் அவ ரொட்டி அடுப்பைத் தூக்கிட்டு வந்துடுச்சு. அவளும் ஊரை விட்டுப் போயிட்டா."

"குழுவேதான் தூக்கிச்சா? நீங்க யாரும் சொல்லலையா?"

"நாங்க சொல்லவே மாட்டோம்மா. அதெல்லாம் அவங்களுக்குள்ள."

கிராம்பு இடப்பக்கம் நகர்ந்தது. கண்டக்டர் தன் தொப்பையைத் தடவிக்கொண்டான். பார்த்துவிட்டேன் என்பதற்கு அது அடையாளம்.

"இப்ப அந்த வன்மத்தை வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தியா பழி வாங்கறா" என்று மேலாளர் தொடர்ந்தார். "கோழிக்குஞ்சு போச்சு. பள்ளிக்கூடச் சீருடைத் துணி போச்சு. மெழுகு போச்சு, சோப்பு போச்சு. நாலு பேர் தொழில் நாசம். எல்லாமே வாராவாரம் தவணைக் கூட்டம் நடக்கற நாள்ல, வீடு காலியா இருக்கறப்ப. இன்னிக்கு விடியக்காலையில தையல்காரி வீட்டுக் கொல்லையில அவளையே பிடிச்சுட்டாங்க. கூட்டக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில பூட்டி வச்சிருக்காங்க. சாயங்காலம் போலீஸைக் கூப்பிடப் போறேன். அதுக்கு முன்னாடி, 'விசாரிச்சேன், இவதான்'னு உங்க கையெழுத்தோட ஓர் அறிக்கை வேணும். உங்க கையெழுத்துன்னா தலைமை அலுவலகம் கேள்வி கேக்காது."

"கையெழுத்துதான் வேணும்னா காலையில பால்காரர்கிட்ட வாங்கியிருக்கலாமே. அவர் கையெழுத்து இவங்களுதைவிட அழகா இருக்கும்" என்றான் கண்டக்டர்.

மேலாளர் பேனாவை மீண்டும் நேராக்கினார்.

"சாயங்காலம் கொட்டகைக்கு வாங்க. என்ன கிடைக்குதோ அதைச் சொல்றேன்" என்று சொல்லி ஒட்டடையம்மாள் எழுந்தார்.

*

கொட்டகை தகரக் கூரை வேய்ந்தது. சிமெண்டுத் தரையில் பெண்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருந்தனர். கூட்ட நாள் அன்று. வசூலுக்கு வந்திருந்த இளம்பெண் ஒருத்தி மடியில் பையை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து அறைக் கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது. அமர்ந்திருந்தவர்களின் கண்கள் அப்பூட்டிலேயே இருந்தன. அக்கண்களில் இரக்கத்தின் சாயல் சிறிதும் இல்லை.

குழுவின் தலைவி தையல்காரி. தோளில் அளவு நாடா தொங்க, எழுந்து நின்றாள்.

"போலீஸ் வர்றதுக்கு முன்னாடி அவளை எங்ககிட்ட ஒரு நாழி விடச் சொல்லுங்கம்மா. அவ்வளவுதான் நாங்க கேக்கறது."

"விட்டா?"

"பள்ளிக்கூடம் மொத்தத்துக்கும் சீருடை தைக்க எடுத்த துணிம்மா. பொறந்ததிலிருந்து ஊசியைத் தவிர என் பேர்ல ஒண்ணும் இருந்ததில்ல. இந்தக் கடன் வந்தப்புறம்தான் எனக்குன்னு ஒரு மெஷின், வாசல்ல ஒரு பேர்ப்பலகை, 'தையல்காரி வீடு எது'ன்னு கேட்டு வர்ற ஆளுங்க. மொத்தத் துணி மேலயும் வெளுக்கற மருந்தை ஊத்திட்டா. அவ முகத்துல அதே மருந்தை நான் ஊத்தணும்."

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "என் குஞ்சுகளைப் பூனைக்குத் திறந்து விட்டாளே, அவளை என்ன பண்றது?" என்று கத்தினாள். மெழுகுவர்த்திக்காரி தன் பங்குக்குத் தான் உருக்கி வைத்த மெழுகில் அவள் மணலைக் கொட்டியதைச் சொன்னாள். ஆத்திரம் கொட்டகை முழுதும் ஒரே மூச்சாய் ஏறி இறங்கிற்று.

"எத்தனை வீட்ல இப்படி ஆச்சு?" என்று ஒட்டடையம்மாள் கேட்டார்.

"மூணு வீட்ல" என்றாள் தையல்காரி.

கிராம்பு அசையவில்லை.

"மூணுதானா?"

"மூணுதாம்மா. வசூல் பாப்பாகிட்டயே கேளுங்க."

வசூலுக்கு வந்தவள் ஆமாமென்று தலையசைத்தாள்.

"சரி. உங்கள்ல சோப்பு செய்யறவங்க யாரு?"

கொட்டகை திடீரென்று அமைதியாயிற்று. ஒருத்தி இருமினாள். ஒருத்தி தன் குழந்தையின் மூக்கைத் தேவையில்லாமல் துடைத்தாள். மற்றவர்கள் அனைவரும், ஏதோ அதிசயம் கண்டவர்கள்போல், தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தனர். கடைசி வரிசையில் சிறுத்த உருவமுள்ள ஒருத்தி மட்டும் தரையைப் பார்த்தபடி மெதுவாகக் கை தூக்கினாள்.

ஒட்டடையம்மாள் அவளிடம் மேலும் ஒன்றும் கேட்கவில்லை. பூட்டிய அறையைத் திறக்கச் சொல்லி, கண்டக்டரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே சென்றார்.

ரொட்டிக்காரி சாக்குமூட்டையின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு கிழிந்திருந்தது. முன்கையில் பழைய தீக்காயங்கள் வரிவரியாக இருந்தன. அடுப்பிலிருந்து தட்டுகளை இழுப்பவரின் கை.

"தையல்காரி வீட்டுக் கொல்லைக்கு ஏன் போனே?"

"என் அடுப்பைப் பாக்க."

"எந்த அடுப்பு?"

"தூக்கிட்டு வந்தாங்களே, அதே அடுப்பு. அங்கதான் போட்டு வச்சிருக்காங்க. துருப்பிடிச்சுக் கிடக்கு. உள்ள கோழி முட்டையிட்டிருக்கு." அவள் முன்கைத் தழும்புகளைத் தடவிக்கொண்டாள். "டவுன்ல இப்பதான் ஒரு வாடகை அடுப்பு பிடிச்சிருக்கேன். இது எனக்கு வேண்டாம். சும்மா பாக்கணும்னு இருந்துச்சு."

"இவங்க தொழிலைக் கெடுத்தது நீயா?"

"இல்ல."

கிராம்பு வலப்பக்கமே இருந்தது.

"ஆனா ஒவ்வொரு தடவையும் கேள்விப்பட்டப்ப சந்தோஷப்பட்டேன்" என்றாள் ரொட்டிக்காரி. "பொய் சொல்ல மாட்டேன். குஞ்சு செத்துச்சுன்னு சொன்னாங்க, அன்னிக்கு நல்லா சாப்பிட்டேன். பண்ணினது யாரா இருந்தாலும் அந்தக் கைக்கு மோதிரம் போடணும்னு தோணுச்சு. என் புருஷன் விட்டுட்டுப் போனப்பகூட நான் அழலை. என் அடுப்பை எட்டுப் பேர் சேர்ந்து தூக்கினப்ப அழுதேன். அதுல நாலு பேர் என்கூட ஒண்ணாப் படிச்சவங்க."

"சாயங்காலம் போலீஸ் வந்தா?"

"வாடகை அடுப்பும் போகும். அவ்வளவுதான் மிச்சம்."

ஒட்டடையம்மாள் வெளியே வந்து, கதவைப் பழையபடி பூட்டச் சொன்னார். இந்நிலையில் அவளுக்கு அந்த அறையே பாதுகாப்பு என்று அவருக்குத் தோன்றியது.

*

"மேனேஜர் நாலுங்கறார். ஊரு மூணுங்கறது. யாருக்கும்மா கணக்கு வராது?" என்று வழியில் கண்டக்டர் கேட்டான்.

"அதைவிட வேடிக்கை, சோப்புன்னதும் எல்லாரும் கூரையைப் பாத்தாங்க. நான் பாக்கற இடத்தை ஊரே பாக்க ஆரம்பிச்சா அங்க ஏதோ இருக்கு."

"எனக்குக் கழுத்து வலிதான் கண்ணுல பட்டுச்சு."

சோப்புக்காரி தன் வீட்டு வாசலில் அவர்களுக்கு முன்பாகவே வந்து நின்றாள். குறுக்கு வழியில் ஓடி வந்திருந்தாள். வீட்டின்மேல் புதுத் தகரம் வெயிலில் மின்னிற்று. முன்சுவரில் ஒரு பாதி பளிச்சென்று வெள்ளையடிக்கப்பட்டிருந்தது. மறுபாதி அழுக்கு மண்நிறத்திலேயே நின்றுவிட்டது. உள்ளே பானை, பாய், ஒரு மரப்பெட்டி, கொடியில் துணிகள். சோப்பு செய்வதற்குரிய எண்ணெயோ அச்சோ எங்கும் இல்லை. மூக்கை உறிஞ்சிப் பார்த்தும் வாசனை ஏதும் இல்லை.

கொல்லையில் ஓரிடத்தில் புல் கருகி, மண் எண்ணெய்ப் பிசுக்குடன் வெள்ளையாக உறைந்து கிடந்தது. கண்டக்டர் குனிந்து முகர்ந்தான்.

"மண்ணெண்ணெய்" என்றான். "சுண்ணாம்புல மண்ணெண்ணெய் கலந்து அடிச்சா மூட்டைப்பூச்சி வராதாம்மா? இல்ல இது புதுசா ஏதாவது ஃபேஷனா?"

சோப்புக்காரியின் கண்களில் நீர் முட்டிற்று.

"அம்மா, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன், கம்பெனிக்குச் சொல்லிடாதீங்க."

"உக்காரு. நான் உன்னைக் காட்டிக் குடுக்க மாட்டேன். உன்கிட்ட சோப்பு கிடையாது, இல்லையா?"

"என்னிக்குமே கிடையாது. மழை பேஞ்சா வீட்டுக்குள்ள குடை பிடிக்கணும்மா, அப்படி ஒரு கூரை. கூரைக்குக் கடன் தர மாட்டாங்க, தொழிலுக்குத்தான் தருவாங்க. சோப்பு செய்யப் போறேன்னு சொல்லி வாங்கித் தகரம் போட்டுட்டேன். படம் அனுப்பச் சொன்னாங்க. பக்கத்து ஊர்ல என் நாத்தனார் சோப்பு செய்யறா. அவ கட்டிங்களைக் கொண்டாந்து அடுக்கி, போன்ல படம் எடுத்து அனுப்பிட்டோம். எடுத்ததும் நாத்தனார் எண்ணிப் பாத்துத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டா. தவணையைத் துணி துவைச்சுக் கட்டறேன், ஒரு தடவைகூடத் தவறினதில்ல."

"ஊருக்கே தெரியுமா?"

"எங்க ஊர்ல பால் குடிக்கற குழந்தைக்கும் தெரியும். வெளிய சொல்ல மாட்டாங்க. ஒருத்தி பொய் வெளிய வந்தா குழு மொத்தத்துக்கும் அடுத்த கடன் கிடையாது."

"சரி, இந்தச் சுண்ணாம்பு?"

"போன கூட்டத்துக்கு முன்னாடி மிச்சச் சுவருக்கு அடிக்கக் கொல்லைத் தொட்டியில கரைச்சு மூடி வச்சிருந்தேன். கூட்டம் முடிஞ்சு வந்து பாத்தா யாரோ மண்ணெண்ணெயை ஊத்தியிருந்தாங்க. யாருக்கும் சொல்லலை. புருஷனுக்கும் சொல்லலை. விசாரணைன்னு வந்தா சோப்பு எங்கன்னு கேப்பாங்கல்ல? பேசாம கொட்டிட்டேன்."

"வசூல் பாப்பாவுக்கு?"

"என் நிழலுக்குக்கூடச் சொல்லலைம்மா."

ஒட்டடையம்மாள் குனிந்து அந்தக் கருகிய புல்லைப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். அச்சிரிப்பில் இனிமை இல்லை.

"கண்டக்டர், மூடி வச்ச தொட்டி. உள்ள வெள்ளையா, கெட்டியா ஏதோ ஒண்ணு. அதைச் சோப்புன்னு எவன் நம்புவான்?"

"சோப்புல குளிக்காதவன்."

"ஊர்க்காரன் எவனும் நம்ப மாட்டான். ரொட்டிக்காரியும் இந்த ஊர்தான், அவளும் நம்ப மாட்டா. இவகிட்ட சோப்பு இருக்குன்னு நம்பறது சுவத்துல மாட்டின படத்தைப் பாத்தவங்க மட்டும்தான்."

கண்டக்டர் அந்த உறைந்த வெள்ளையைக் காலால் கிளறிப் பார்த்தான்.

"அதைவிடு. இவ யார்கிட்டயும் சொல்லலை. ஊருக்கு மூணு வீடுதான் தெரியும். நாலாவதா சோப்பும் போச்சுன்னு காலையில நம்மகிட்ட சொன்னது யாரு?"

"அட! கூட்டத்தன்னிக்குக் கம்பெனி வண்டி தலைக்கவசத்தோட தெருவுல போனா இந்த ஊர்ல யாரு நிமிர்ந்து பாப்பாங்க? கடன்காரன் வந்துட்டான்னு ஆம்பிளைங்ககூட உள்ள போய்க் கதவைச் சாத்திக்குவானுங்க. திருடனுக்கு இதைவிட நல்ல வேஷம் கிடைக்குமா?"

"வேஷம் சரி. வெறுப்பு எதுக்கு?" அவர் சோப்புக்காரியின் பக்கம் திரும்பினார். "அடுப்பைத் தூக்கினது எட்டுப் பேர். அடி விழுந்தது நாலு பேருக்கு. அந்த நாலு பேரும் சேர்ந்து வேற என்ன பண்ணினீங்க?"

அவள் தன் கைவிரல்களைப் பார்த்தாள். மணலில் நீர் இறங்குவதுபோல் விஷயம் மெதுவாக வந்தது.

கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடைசி ஆளின் தவணை வந்து சேரும்வரை எவரும் எழுந்திருக்கக் கூடாது. ரொட்டிக்காரி கணவன் ஓடிப்போன அதிர்ச்சியில் பின்தங்கிய நாள்களில், மேலாளரே நேரில் வந்து வாசலை மறித்து நாற்காலி போட்டு அமர்ந்தார். மதியம் போய் மாலையாயிற்று. பால்கட்டிய மார்போடு ஒருத்தி அழுதாள். 'உங்களை உட்கார வைப்பது நான் அல்ல, அவள்' என்று மேலாளர் சொல்லிக்கொண்டே இருந்தார். வாரந்தோறும் இது நடந்தது. இறுதியில் அவரே, அடுப்பைத் தூக்கி வந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றார். அவர்கள் தூக்கினார்கள்.

"அப்புறம் தலைமை ஆபீஸ்லேர்ந்து ஓர் அம்மா வந்து தனித்தனியாக் கேட்டாங்க. மத்தவங்க பயந்துட்டாங்க. நாங்க நாலு பேர் மட்டும் உள்ளதைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டோம். மேனேஜருக்கு வரவேண்டிய பதவி வரலைன்னு அப்புறம் கேள்விப்பட்டோம். வெளிய சொன்னா கடன் நின்னுடும்னு சத்தியம் பண்ணிக்கிட்டோம்."

"ரொட்டிக்காரிக்காவது சொன்னீங்களா?"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டும்மா சொல்றது? தூக்கினதும் நாங்கதானே."

"தையல்காரிக்கு இது உறைக்கலையா?"

"கண்ணு முன்னாடி துணி பாழாக் கிடக்கறப்ப யாருக்கு என்ன தோணும்? அவமேலதான் சந்தேகம் போச்சு. எனக்கு ஒரு மூலையில உறுத்துச்சு. ஆனா நான் வாயைத் திறந்தா என் சோப்பு வெளிய வந்துடுமே."

ஒட்டடையம்மாள் புறப்படத் திரும்பினார். "சாயங்காலம் நான் அவரைப் பேச விடுவேன். உன் வீட்டு விஷயத்தை என் வாயால சொல்ல மாட்டேன். நீ சொன்னாத்தான் அவர் மாட்டுவார். சொல்லலைன்னா ரொட்டிக்காரி போவா. முடிவு உன்னுது."

*

மேலாளர் வெயில் தாழ்ந்தபின் வந்தார். கையில் முன்கூட்டியே தட்டச்சு செய்த தாள்கள் இருந்தன. பெண்கள் வரிசை குலையாமல் உட்கார்ந்திருந்தனர். ஒட்டடையம்மாள் கேட்டுக்கொண்டதன் பேரில் ரொட்டிக்காரியையும் வெளியே கொண்டுவந்து சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். அவளுக்கும் தையல்காரிக்கும் இடையில் கண்டக்டர் தன் தொப்பையை அரணாக வைத்துக்கொண்டு நின்றான்.

"எல்லாம் தயார்மா. இங்க ஒரு கையெழுத்துப் போதும்."

"போட்டுடலாம். என்னென்ன நஷ்டம்னு ஒரு தடவை இவங்க முன்னாடி படிச்சுடுங்க. தப்பு வந்துடக் கூடாது பாருங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "கோழிக்குஞ்சுகள். சீருடைத் துணிகள். மெழுகு. ஒரு தொட்டிச் சோப்பு."

முதலில் ஒருத்தி, பின்னர் இன்னொருத்தி, தலையைத் திருப்பினார்கள். "சோப்பா?" என்ற முணுமுணுப்பு வரிசை வரிசையாகப் பின்னோக்கிச் சென்றது.

"சோப்பு எப்ப போச்சு சார்?" என்று ஒட்டடையம்மாள் பணிவோடு கேட்டார்.

"போன கூட்டத்தன்னிக்கு."

"யார் சொன்னாங்க?"

"வசூல் பாப்பா சொல்லிச்சு."

"எனக்கே தெரியாது சார்" என்றாள் அந்த இளம்பெண், பையை இறுகப் பிடித்தபடி. "நான் மூணுன்னுதானே எழுதினேன்?"

மேலாளரின் விரல்கள் தாள்களின் விளிம்பை நேராக்கின. "அப்ப இந்தம்மாவே வந்து சொன்னாங்க. தொட்டி நிறைய இருந்த சோப்புல மண்ணெண்ணெயை ஊத்திட்டான்னு அழுதாங்க. இல்லையாம்மா?"

அவர் கடைசி வரிசையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு பேரம் இருந்தது. ஆமாம் என்று சொல், நீ பிழைத்துக்கொள்ளலாம் என்றது அது.

சோப்புக்காரி எழுந்தாள். பக்கத்திலிருந்தவள் உட்காரும்படி அவள் ஆடையைப் பிடித்து இழுத்தாள். அவள் அந்தக் கையை மெல்ல விலக்கினாள்.

"சார், எங்கிட்ட சோப்பே கிடையாது."

"என்னம்மா உளர்றே? படம் இருக்கு."

"படத்துல இருக்கறது என் நாத்தனார் சோப்பு. உங்க கடன் என் தலைக்கு மேல தகரமா இருக்கு, வந்து பாருங்க. தொட்டியில இருந்தது சுவத்துக்கு அடிக்கற சுண்ணாம்பு. அதுல மண்ணெண்ணெய் ஊத்தினதை நான் ஒருத்தருக்கும் சொல்லலை. இன்னிக்கு இந்த அம்மாகிட்ட சொல்ற வரைக்கும் ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நான். இன்னொண்ணு ஊத்தினவன்."

தகரக் கூரையில் ஒரு காகம் நடக்கும் ஓசை கேட்டது.

"மத்த மூணு வீட்லயும் சரியா கை வச்சீங்க சார்" என்றார் ஒட்டடையம்மாள். "அங்கெல்லாம் படமும் நிஜமும் ஒண்ணா இருந்துச்சு. நாலாவது வீட்ல உங்க சுவரை நம்பிட்டீங்க. இந்த ஊர்ல அந்தப் படத்தை நம்பின ஒரே ஆள் நீங்கதான்."

"வெள்ளையடிக்கிற சுண்ணாம்பைப் போய்ப் பழிவாங்கியிருக்கீங்களே! பாவம், அது என்ன சார் பண்ணிச்சு உங்களை?" என்றான் கண்டக்டர்.

தையல்காரி அளவு நாடாவைத் தோளிலிருந்து எடுத்தாள். எதற்கென்று தெரியாமல் கையில் சுற்றிக்கொண்டாள். "நாம நாலு பேர்" என்றாள் தனக்குள். "கையெழுத்துப் போட்ட நாலு பேர்."

"எந்தக் கையெழுத்து?" என்று சுவரோரத்திலிருந்து ரொட்டிக்காரி கேட்டாள்.

சோப்புக்காரிதான் சொன்னாள். சொல்லி முடித்தபோது ரொட்டிக்காரி அந்நால்வரின் முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அதுவரை எட்டுப் பேர்மேல் பரவியிருந்த அவளுடைய வெறுப்பு ஒரே புள்ளியில் குவிந்து மேலாளரிடம் போய் நின்றது. அறை வாசலோரப் பலகையில் கழற்றி வைத்திருந்த பூட்டை எடுத்துக்கொண்டு அவரை நோக்கி நடந்தாள். தையல்காரி அவளைத் தடுக்கவில்லை. தானும் கூடவே நடந்தாள்.

மேலாளர் பின்வாங்கவில்லை என்பதே வியப்பு. அவருடைய முகத்திலிருந்த சலவை மடிப்புக் கலைந்து, உள்ளேயிருந்தது வெளியே தெரிந்தது.

"அடிங்க. அடிச்சா யார் ஜெயிலுக்குப் போவாங்கன்னு யோசிச்சுட்டு அடிங்க. இத்தனை வருஷம் நாயா அலைஞ்சு நான் சேர்த்த பேரை, கைநாட்டு வைக்கற ஜென்மங்க நாலு பேரு ஒரு காகிதத்துல அழிச்சீங்கல்ல? போலீஸ்ல சொல்லப் போறீங்களா? போங்க. புகார்ல யாரு முதல்ல கையெழுத்துப் போடப் போறா? போன தடவை போட்டதுக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல? இந்தக் குழுவுல ஒருத்திக்கும் இனி எந்தக் கம்பெனியும் கடன் தராம பண்ண எனக்கு ஒரு போன் போதும்."

நடந்தவர்கள் நின்றனர். அச்சொற்கள் பூட்டைவிடக் கனமாக விழுந்தன. தையல்காரியின் பார்வை தன் வீடு இருந்த திசைக்குப் போயிற்று. கோழிக்காரி தன் குழந்தையைப் பார்த்தாள். அடுத்த கடன் இல்லையென்றால் பலகை இல்லை, மெஷினுக்கு நூல் இல்லை, 'தையல்காரி வீடு எது' என்று கேட்டு வருவார் இல்லை. அவ்வளவும் அந்த ஒரு கணத்தில் அவர்கள் முகத்தில் ஓடிற்று. மேலாளர் அதைக் கண்டுகொண்டார். சட்டையின் கைமடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

ஒட்டடையம்மாள் ரொட்டிக்காரியின் கையிலிருந்து பூட்டை வாங்கிக் கண்டக்டரிடம் கொடுத்தார். அவள் எதிர்க்கவில்லை. பிறகு மேலாளர் நீட்டிக்கொண்டு வந்த தாள்களை எடுத்து, எழுதாத பின்பக்கத்தைத் திருப்பி, தம் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"அம்மா, உங்களுக்கு இதுல ஒரு நஷ்டமும் இல்லையே. நீங்க எதுக்கு மெனக்கெடறீங்க?" என்றார் மேலாளர். குரல் சற்றே தாழ்ந்திருந்தது. "உங்க கட்டணத்தைவிட ஒரு மடங்கு கூடவே தரேன்."

"சார் டிக்கெட் எடுக்காம ஏறியிருக்கார்மா. இறக்கிவிடவா?" என்றான் கண்டக்டர்.

"வேண்டாம். இருக்கட்டும். நீ ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடு. போலீஸ் வர்ற வரைக்கும் இங்கயே உக்காரட்டும்." அவர் மேலாளரை ஏறிட்டுப் பார்த்தார். "எனக்கு நஷ்டம் இருக்கு சார். என் கையெழுத்தை வச்சு ஒருத்தியை உள்ள தள்ளப் பாத்தீங்க. அதை நான் மறக்கமாட்டேன்."

வசூலுக்கு வந்த பெண்ணிடம் பேனா கேட்டு வாங்கினார். ரொட்டிக்காரி மெதுவாக வந்து, சோப்புக்காரியின் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க யாரும் இதுல முதல்ல வரவேண்டாம்" என்றார் ஒட்டடையம்மாள், எழுதத் தொடங்கியபடி. "புகாரை நான் குடுக்கறேன். முதல் கையெழுத்து என்னோடது."